பட்டம் பெறாத பறவை நூல் மேதை

நாம் குடியிருக்கும் இவ்வூரின் பெயரிலேயே ஒரு பறவை இருக்கின்றது. மலாய் மொழியில் 'பாயான்' என்றால் கிளி. 'லெப்பாஸ்' என்றால் விடுபட்டது. விடுபட்ட கிளியின் பெயரால் வழங்கும் பாயான் லெப்பாஸில் 1935-ஆம் ஆண்டிலேயே விமான நிலையம் ஏற்பட்டுவிட்டது. 1972-ஆம் ஆண்டில் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தபின் தொழிற்சாலைகள் வரிசை வரிசையாக எழுந்தன. ஆயினும் சுபுஹுத் தொழுகை முடித்துப் பள்ளிவாசலை விட்டு வெளியே வரும் வேளையில் நம் காதில் முதலில் விழுவது பறவைகளின் ஓசையே. அவற்றுள் எத்தனை பறவைகளின் பெயர் நமக்குத் தெரியும்? காகம், மைனா, புறா என்று மூன்று நான்கு சொல்லிவிட்டு நின்றுவிடுவோம்.

பறவைகளை அற்பமாக எண்ணுவதற்கு நமது மார்க்கம் இடம் தரவில்லை. ஹாபீலைக் கொன்ற காபீலுக்கு உடலை மண்ணில் மறைக்கும் முறையைக் காட்டியது ஒரு காகம். ஸபா நாட்டுச் செய்தியை நபி ஸுலைமான் (அலை) அவர்களிடம் கொண்டு வந்தது ஹுத்ஹுத் என்னும் கொண்டலாத்திப் பறவை. யானைப் படையை அழிக்க அல்லாஹ் அனுப்பியதும் பறவைக் கூட்டமே. வானவெளியில் சிறகை விரித்து நிற்கும் பறவைகளைக் கண்டு சிந்திக்கும்படி திருமறை நம்மை அழைக்கின்றது.

அவ்வாறு கண்டு சிந்திப்பதையே வாழ்க்கை முழுவதற்கும் தொழிலாகக் கொண்ட ஒரு முஸ்லிம் பெரியாரின் வரலாற்றை இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகின்றோம். அவர்தாம் மர்ஹூம் டாக்டர் ஸாலிம் அலீ அவர்கள்.

1858-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தோன்றிய பிரிட்டிஷ் பறவையியலார் சங்கம் இத்துறையில் உலகின் மிகப் பழமையான சங்கங்களுள் ஒன்று. பறவை நூலுக்குச் சிறந்த தொண்டாற்றியவர்களைப் பாராட்டி அச்சங்கம் பதக்கம் வழங்குவது வழக்கம். 1967-ஆம் ஆண்டில் அதன் தங்கப் பதக்கம் ஸாலிம் அலீ அவர்களுக்குக் கிடைத்தது. பிரிட்டிஷ் குடியினர் அல்லாத ஒருவர் அப்பதக்கத்தைப் பெற்றது அதுவே முதல் தடவை. அப்போது அவருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உலகத்துப் பறவையியலார் மெச்சிய அந்தப் பெரியார், எந்தக் கல்லூரியிலும் படித்துத் தேறிப் பட்டம் வாங்கியவரல்லர். அந்தப் பட்டம் இல்லாத காரணத்தாலேயே ஒரு வேலை அவருக்கு மறுக்கப்பட்டது.

பெற்றோரை இழந்த பிள்ளை

ஸாலிம் முஇஸ்ஸுத்தீன் அப்துல் அலீ என்பது அவரது முழுப்பெயர். 1896-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12-ஆம் தேதி பம்பாயில் பிறந்தார். ஸுலைமானி போரா என்னும் வணிகச் சமூகத்தைச் சேர்ந்த குடும்பம். அவர் ஒரு வயதுக் குழந்தையாயிருக்கும்போதே தந்தையார் முஇஸ்ஸுத்தீன் காலமானார். மூன்று வயதில் தாயார் ஜீனத்துன்னிஸா அவர்களையும் இழந்தார். யத்தீமாக நின்ற குழந்தைகள் அனைவரையும் தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியும் அவர் மனைவியார் ஹமீதா பேகமும் பம்பாய் கேத்வாடியிலிருந்த தங்கள் இல்லத்தில் வைத்து வளர்த்தார்கள். அவ்விருவருக்கும் சொந்தப் பிள்ளைகள் கிடையா. 1887-ஆம் ஆண்டில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்த பத்ருத்தீன் தையப்ஜியும், காந்தியடிகளோடு சேர்ந்து விடுதலைப் போரில் ஈடுபட்ட அப்பாஸ் தையப்ஜியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்.

மாமன் அமீருத்தீன் வேட்டையில் பிரியமுள்ளவர். சிறுவனான மருமகனுக்கு ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்திருந்தார். அதைக் கொண்டு சிட்டுக்குருவிகளைச் சுடுவது சிறுவனின் விளையாட்டு. சுட்ட குருவியை முறைப்படி அறுத்துச் சமைத்து உண்பதும் உண்டு. அவருக்கு ஏறத்தாழப் பத்து வயதாயிருந்தபோது ஒருநாள் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சளாக ஒரு திட்டு இருந்தது. வழக்கமாகக் காணும் சிட்டுக்குருவிக்கு அப்படி இராது. இது வேறு ஏதேனும் பறவையோ, இதை உண்பது ஆகுமோ ஆகாதோ என்ற ஐயம் சிறுவனின் உள்ளத்தில் எழுந்தது. குருவியை எடுத்துக்கொண்டு மாமனிடம் ஓடினார்.

வாசகர்கள் இவ்விடத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஹலாலா, ஹராமா என்ற பேணுதலான ஒரு கேள்விதான் பின்னாளில் ஒரு பெரும் அறிவுத்துறையின் கதவைத் திறந்துவிட்டது. மாமனுக்கும் விடை தெரியவில்லை. ஆனால் அதட்டி அனுப்பிவிடவும் இல்லை. தாம் உறுப்பினராயிருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லார்ட் என்ற ஆங்கிலேயருக்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்து, சிறுவனை அவரிடம் அனுப்பி வைத்தார்.

அக்காலத்தில் இந்தியச் சிறுவன் ஒருவன் துரை ஒருவரின் அலுவலகத்துக்குள் நுழைவதற்கே நெஞ்சுரம் வேண்டும். காகிதத்தில் சுற்றிய செத்த குருவியோடு சென்ற சிறுவனை மில்லார்ட் அன்போடு வரவேற்றார். அது மஞ்சள் கழுத்துச் சிட்டு என்று அறிவித்ததோடு நில்லாமல், சங்கத்தில் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளின் பெட்டிகளைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். படிப்பதற்குப் பறவை நூல்களும் இரவல் கொடுத்தார். பறவையின் தோலை உரித்துப் பதப்படுத்திப் பாதுகாக்கும் முறையையும் சிறுவன் அச்சங்கத்திலேயே கற்றுக்கொண்டான். அன்று தொடங்கிய உறவு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் நீடித்தது.

தேர்விலும் தோல்வி, வணிகத்திலும் தோல்வி

பள்ளிப் படிப்பில் ஸாலிம் அலீ சிறந்து விளங்கினார் என்று சொல்வதற்கில்லை. பதின்மூன்று வயதளவில் ஓயாத தலைவலி நோய் பிடித்துக்கொண்டது. இடம் மாறினால் குணமாகுமென்று சிந்து தேசத்திலிருந்த உறவினரிடம் அனுப்பினார்கள். படிப்பு இடையிடையே முறிந்தது. 1913-ஆம் ஆண்டில் தட்டுத் தடுமாறி மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு செயிண்ட் சேவியர் கல்லூரியில் சேர்ந்தார்; முதலாண்டோடு படிப்பை விட்டுவிட்டார்.

அடுத்து அவர் சென்ற இடம் நமக்கு அந்நியமானதன்று. பினாங்குக்கு வடக்கே இதே கடற்கரையைத் தொட்டுச் சென்றால் வரும் தெனாசரிம் பகுதியிலுள்ள தவாய் நகரம் அது. நம் முன்னோர்கள் நாகப்பட்டினத்திலிருந்தும் தொண்டியிலிருந்தும் ரங்கூன், பினாங்கு என்று கடல் கடந்து வணிகம் செய்ததைப் போலவே, பம்பாய்க் குடும்பத்தாருக்கும் பர்மாவில் மரத் தொழிலும், டங்ஸ்டன் உலோகம் எடுக்கப்படும் சுரங்கத் தொழிலும் இருந்தன. முதல் உலகப் போர்க் காலமாதலால் அந்த உலோகத்துக்கு நல்ல கிராக்கி. ஆயினும் கணக்குப் புத்தகத்தில் இருக்க வேண்டிய இளைஞரின் கண் காட்டு மரங்களின் உச்சியிலேயே இருந்தது. பர்மாக் காட்டுப் பறவைகளை அவர் நன்கு அறிந்துகொண்டார். வணிகம் செழிக்கவில்லை.

1917-இல் பம்பாய் திரும்பியவர், குடும்பத் தொழிலுக்கு உதவுமென்று வணிகக் கல்லூரியில் சட்டமும் கணக்கியலும் படிக்கலானார். அவருடைய உண்மையான நாட்டத்தைக் கண்டுகொண்டவர் செயிண்ட் சேவியர் கல்லூரியின் பாதிரியார் பிளாட்டர். அவரது தூண்டுதலால் காலையில் வணிகப் பாடம், அதன் பின் விலங்கியல் பாடம் என்று இரண்டு கல்லூரிகளுக்கும் போய்வந்தார். 1918 டிசம்பரில் தூரத்து உறவினரான தெஹ்மினா பேகத்தை மணந்தார்.

இந்திய விலங்கியல் அளவைத் துறையில் பறவையியலார் பதவி ஒன்று காலியானபோது அதற்கு விண்ணப்பித்தார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லையென்று அவ்வேலை மறுக்கப்பட்டது. 1926-இல் பம்பாய் பிரின்ஸ் ஆப் வேல்ஸ் அருங்காட்சியகத்தில் மாதம் 350 ரூபாய்ச் சம்பளத்தில் விளக்கவுரையாளர் வேலை கிடைத்தது. இரண்டாண்டுக்குப் பின் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனி சென்று, பெர்லின் அருங்காட்சியகத்தில் பேராசிரியர் எர்வின் ஸ்ட்ரெஸ்மான் அவர்களிடம் பறவை நூலை முறையாகப் பயின்றார். ஹெலிகோலாந்து தீவில் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் பயணத்தை ஆராயும் முறையையும் கண்டறிந்தார்.

நிறைந்த உள்ளத்தோடு 1930-இல் தாயகம் திரும்பியபோது, பணமில்லையென்று அவருடைய வேலையையே அருங்காட்சியகத்தார் நீக்கிவிட்டிருந்தார்கள். கையில் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் முப்பத்து நான்கு வயதில் இந்நிலையில் வந்து நின்றால் நாம் என்ன சொல்லியிருப்போம் என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம்.

தூக்கணாங்குருவி சொன்ன இரகசியம்

பம்பாயில் குடித்தனம் நடத்தப் பொருளில்லாமல், துறைமுகத்துக்கு அப்பாலுள்ள கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குக் கணவனும் மனைவியும் குடிபெயர்ந்தார்கள். அவ்வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேலையற்ற மனிதர் அவற்றை நாள்தோறும் உட்கார்ந்து கவனித்தார். கண்டதைக் கண்டபடி குறித்தார்.

நம் நாட்டில் 'தெம்புவா' என்று மலாய்க்காரர்கள் அழைக்கும் குருவியே இது. காரணமில்லாமல் தெம்புவா தாழ்ந்த கிளையில் கூடு கட்டாது என்ற கருத்தில் அவர்களிடையே ஒரு பழமொழியும் வழங்குகின்றது. நம் தமிழ் மக்களும் தொன்றுதொட்டுப் பார்த்து வியந்த பறவைதான். ஆனால் கூட்டைக் கட்டுவது யார், ஏன் சில கூடுகள் பாதியிலேயே நிற்கின்றன என்பதைப் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தவர்கள் அரியர்.

ஸாலிம் அலீ கண்டது இதுவாகும். கூடு கட்டும் வேலை ஆண் குருவியுடையது. பாதி கட்டி முடித்தபின் பெண் குருவிகள் வந்து கூட்டைச் சோதித்துப் பார்க்கும். ஒரு பெண்குருவிக்குக் கூடு பிடித்துவிட்டால் அங்கேயே தங்கிவிடும். ஆண்குருவி எஞ்சிய பகுதியைக் கட்டி முடிக்கும். பெண்குருவி முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண்குருவி பக்கத்தில் வேறொரு கூட்டைத் தொடங்கி அடுத்த துணையைத் தேடும். எந்தப் பெண்குருவியும் விரும்பாத கூடுதான் பாதியில் நின்று விடுகின்றது. இச்செய்திகளை அவர் எழுதி வெளியிட்டபோது அறிஞர்கள் வியந்தார்கள். வேலையில்லாமல் கழிந்த அந்த ஓராண்டுதான் ஸாலிம் அலீ என்ற பெயரை உலகுக்கு அறிமுகப்படுத்தியது.

அதன்பின் அவர் ஓர் ஏற்பாட்டைச் செய்துகொண்டார். சம்பளம் வேண்டாம், வழிச்செலவும் முகாம் செலவும் கொடுத்தால் போதும், பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன் என்ற ஏற்பாடே அது. ஐதராபாத், கொச்சி, திருவிதாங்கூர், குவாலியர், இந்தூர், போபால் முதலிய சுதேச சமஸ்தானங்கள் இடம் கொடுத்தன. காடு காடாக, மாட்டு வண்டியிலும் கால்நடையிலுமாக அவர் அலைந்தார். மனைவியார் தெஹ்மினாவும் மனமுவந்து கூடாரத்தில் கூடவே வாழ்ந்தார். தென்னிந்தியாவின் மரங்கொத்தி இனப்பிரிவு ஒன்றுக்கு அவ்வம்மையாரின் பெயரை ஆங்கிலேயப் பறவையியலார் சூட்டியிருக்கிறார்கள். ஆனால் 1939-ஆம் ஆண்டில் சிறியதோர் அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவ்வம்மையார் காலமானார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் ஸாலிம் அலீ மறுமணம் செய்துகொள்ளாமல், சகோதரியின் இல்லத்தில் வாழ்ந்தார்.

துயரத்தில் முடங்கிவிடாமல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் 1941-இல் வெளிவந்தது. பறவையின் பெயர் தெரியாத சாதாரண மனிதரும் படத்தைப் பார்த்து இனங்கண்டுகொள்ளும்படி எழுதப்பட்ட நூல் அது. ஜவஹர்லால் நேரு அதன் பிரதி ஒன்றைத் தம் மகள் இந்திராவுக்கு அளித்தார். பல பதிப்புகள் கண்டு இன்றும் கைகளில் தவழ்கின்றது.

மலாயா நண்பர்

இரண்டாம் உலகப் போர் ஸாலிம் அலீ அவர்களுக்கு மலாயாவிலிருந்து ஒரு நண்பரைக் கொண்டு வந்து சேர்த்தது. கோலாலம்பூரில் 1915-இல் பிறந்தவரும், செல்வர் லோக் யூவின் மகனும், கத்தே திரைப்பட நிறுவனத்தை நடத்தியவருமான லோக் வான் தோ அவர்களே அந்நண்பர். 1942-இல் ஜப்பானியர் சிங்கப்பூரை நெருங்கியபோது தப்பிச் சென்ற அவருடைய கப்பல் குண்டுவீச்சுக்கு இரையாயிற்று. தீக்காயங்களோடு உயிர் பிழைத்தவர் இந்தியா வந்து சேர்ந்தார். பறவைகளைப் படம் பிடிப்பதில் பெருவிருப்பம் கொண்ட அந்தச் சீன இளைஞரும், ஏறத்தாழ இருபது வயது மூத்த பம்பாய் முஸ்லிமும் உயிர்த் தோழர்களாயினர். கட்ச், காஷ்மீர் முதலிய இடங்களுக்கு இருவரும் கூடிச் சென்றார்கள். போர் முடிந்து தாயகம் திரும்பிய பின்னும் லோக் வான் தோ, ஸாலிம் அலீயின் ஆய்வுப் பயணங்களுக்குப் பொருளுதவி செய்து வந்தார்.

1964-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் தேதி தைவானில் நேர்ந்த விமான விபத்தில் லோக் வான் தோ தம் மனைவியோடு மாண்டார். ஸாலிம் அலீ மறைந்ததும் இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதே ஜூன் 20-ஆம் தேதியன்றுதான். மொழியாலும் மதத்தாலும் இனத்தாலும் வேறுபட்ட இருவரைப் பறவைகளின் மேலுள்ள அன்பு ஒன்றே பிணைத்தது. பல இனத்தாரும் கூடி வாழும் நம் நாட்டுக்கு இது நினைவில் வைக்கத்தக்க நட்பாகும்.

காலில் வளையமிட்ட விருந்தாளிகள்

இந்தியா விடுதலையடைந்தபின் பணமுடையால் தள்ளாடிய பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தைக் காப்பாற்ற, ஸாலிம் அலீ பிரதமர் நேருவுக்கு எழுதி உதவி பெற்றார். 1957-இல் கர்நாடகத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகளையும் மனிதரையும் கொன்ற ஒரு புதுக்காய்ச்சல் பரவியது. வடக்கேயிருந்து வரும் பறவைகளின் உடலில் ஒட்டிவரும் உண்ணிகள் அந்நோயைக் கொண்டு வருகின்றனவோ என்ற ஐயம் எழுந்ததால், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பறவைகளுக்கு வளையமிடும் பெரும்பணி தொடங்கியது. எண்ணும் சங்கத்தின் பெயரும் பொறித்த இலேசான உலோக வளையத்தைப் பறவையின் காலில் மாட்டிப் பறக்க விடுவார்கள். வேறொரு நாட்டில் அது அகப்பட்டால், வளையத்தைப் பார்த்து எழுதித் தெரிவிப்பார்கள். இவ்வாறு ஒரு பறவை எங்கிருந்து எங்கே போகின்றது என்பது தெரிய வரும். நாகூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் தெற்கேயுள்ள கோடியக்கரையிலும் இச்சங்கம் வளையமிடும் பணியை நெடுங்காலம் நடத்தியது. நாகூருக்கு ஜியாரத்துக்குச் சென்ற நம்மவர் பலருக்கு, சற்றுத் தொலைவில் வடதுருவத்தை அடுத்த நாடுகளிலிருந்தும் விருந்தாளிகள் வந்து தங்குகிறார்கள் என்பது தெரிந்திராது.

நம் பினாங்கு மாநிலத்திலும் அவ்விருந்தாளிகள் உண்டு. செபராங் பிறையில் தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரையுள்ள சேற்றுக் கடற்கரையில், வடநாடுகளில் குளிர் தொடங்கும் செப்டம்பர் மாதத்திலிருந்து மார்ச் வரையில் ஆயிரக்கணக்கான உள்ளான் வகைப் பறவைகள் வந்து இரை தேடுகின்றன. கடவுச்சீட்டு இல்லாமல் வந்து திரும்பும் பயணிகள் அவை!

ஸாலிம் அலீ அவர்களின் தலைசிறந்த பணி, அமெரிக்க அறிஞர் தில்லன் ரிப்ளியோடு சேர்ந்து எழுதிய இந்திய, பாகிஸ்தான் பறவைகள் பற்றிய பத்துத் தொகுதி நூலாகும். 1968 முதல் 1974 வரை அது வெளிவந்தது. ஏறத்தாழ 1,200 பறவை இனங்களைப் பற்றிய விவரங்கள் அதில் அடங்கியுள்ளன. இந்நூலின் முதல் தொகுதி வெளிவருவதற்கு முன்பே இங்கிலாந்தின் தங்கப் பதக்கம் அவரைத் தேடி வந்துவிட்டது. பதக்கத்தைக் கண்டு ஓய்ந்துவிடாமல் எழுபது வயதுக்கு மேல் இப்பெரும் நூலை முடித்ததே அவருடைய பெருமை.

வேறு சிறப்புகளும் வந்தன. 1958-இல் பத்ம பூஷண். 1976-இல் பத்ம விபூஷண். பட்டமில்லாதவருக்கு அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் 1958-லும், டில்லிப் பல்கலைக்கழகம் 1973-லும், ஆந்திரப் பல்கலைக்கழகம் 1978-லும் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தன. உலக வனவிலங்கு நிதியத்தின் வழியாக வழங்கப்படும் கெட்டி பரிசும் கிடைத்தது. பெருந்தொகையான அப்பரிசை அவர் தமக்கென வைத்துக்கொள்ளாமல் இயற்கைப் பாதுகாப்புக்கான நிதிக்கு மூலதனமாக்கினார். 1985-இல் இந்தியாவின் ராஜ்ய சபையில் நியமன உறுப்பினரானார்.

எளிமையும் துணிச்சலும் அவரோடு பிறந்தவை. மோட்டார் சைக்கிளில் அவருக்குத் தீராத ஆசை. 1950-இல் சுவீடன் நாட்டு உப்சாலாவில் நடந்த உலகப் பறவையியல் மாநாட்டுக்குத் தம் மோட்டார் சைக்கிளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், ஐரோப்பாவில் இறங்கி, வழியில் விழுந்து எழுந்து, மூட்டை முடிச்சுகளோடு மாநாட்டு வாசலில் போய் நின்றார். இந்தியாவிலிருந்தே அவர் அதை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று அங்கே பேச்சு பரவியதாம். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று.

குறைகளையும் சொல்வோம்

பெரியோரின் வரலாற்றைச் சொல்லும்போது நிறைகளை மட்டும் அடுக்குவது நேர்மையன்று.

பறவைகளை நேசித்த அவர், ஆய்வுக்காக ஏராளமான பறவைகளைச் சுட்டிருக்கிறார். வீணாக உயிர்வதை செய்வதை நமது மார்க்கம் தடுத்திருக்கின்றது. கண்ணால் கண்டது போதாது, கையில் எடுத்து அளந்து ஒப்பிட்டால்தான் இனம் தெளிவாகும் என்பது அக்காலத்து அறிஞர்களின் முறை. அவரும் அதில் உறுதியாக இருந்தார். நல்ல தொலைநோக்கியும் புகைப்படக் கருவியும் மலிந்த இக்காலத்தில் நமக்கு அந்த அவசியம் இல்லை.

ராஜஸ்தானின் பரத்பூர் நீர்ப்பறவைச் சரணாலயத்தில் எருமைகளும் மாடுகளும் மேய்வதைத் தடுக்க வேண்டுமென்று அவர் வற்புறுத்தினார். 1982-இல் அந்தத் தடை வந்தது. அதையொட்டிய கலவரத்தில் கிராமத்தார் உயிரிழந்தனர். பின்னர் நேர்ந்தது என்ன? மேய்ச்சல் நின்றதால் புல் மண்டி நீர்ப்பரப்பை மூடிக்கொண்டது. பறவைகளின் வரவு குறைந்தது. இதை ஆராய்ந்து வெளியிட்டது வேறு யாருமல்ல, அவர் வாழ்நாளெல்லாம் பாடுபட்ட பம்பாய்ச் சங்கமே. நிறுவியவர், நடத்தியவர் யாராயினும் கண்ட உண்மையைச் சொல்லத் தயங்காத ஒரு பரம்பரையை அவர் வளர்த்துவிட்டுப் போனார் என்பதற்கு இதுவே சான்று.

வணக்க வழிபாடுகளில் அவர் எப்படி இருந்தார் என்று கேட்போர் உளர். உண்மையை மறைக்க வேண்டியதில்லை. சிறு வயதில் அவருக்குத் திருக்குர்ஆனை ஓதக் கற்பித்தார்கள், பொருளைக் கற்பிக்கவில்லை. பெரியவர்கள் சிலரின் வெளிப்பகட்டான பக்தியைக் கண்டு உள்ளம் கசந்து, வழிபாட்டு முறைகளிலிருந்து ஒதுங்கியே நின்றார். 1985-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் இதை அவர் ஒளிக்கவில்லை. அவருடைய கணக்கு அவரைப் படைத்தவனிடம் இருக்கின்றது. தீர்ப்பளிக்க நாம் யார்? ஆனால் அக்கணக்கில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. பொருள் விளங்காமல் ஓத வைப்பதும், பிள்ளைகளின் கண் முன்னே சொல்லுக்கும் செயலுக்கும் மாறாக நடப்பதும் எத்தகைய கூர்மையான உள்ளத்தையும் தூர விலக்கிவிடும் என்பதை நம் மதரஸாக்களை நடத்துவோரும் பெற்றோரும் எண்ணிப் பார்க்க வேண்டும். படைப்பைப் பார்த்து வியந்த அந்தச் சிறுவனிடம், படைத்தவனைப் பற்றிப் புரியும்படி பேச ஒருவர் வாய்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

நமக்கு ஒரு பாடம்

1987-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் தேதி, நீண்ட நாள் புற்றுநோயால் வருந்திய ஸாலிம் அலீ அவர்கள் தம் தொண்ணூறாம் வயதில் பம்பாயில் காலமானார்கள். 1990-இல் கோயம்புத்தூர் அருகே ஆனைகட்டியில் அவர் பெயரால் பறவையியல் ஆய்வு மையம் நிறுவப்பட்டது. கேரளத்தின் தட்டேக்காட்டிலும் கோவாவிலும் பறவைச் சரணாலயங்கள் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. தமிழ்நாட்டு மேகமலைக் காட்டில் வாழும் அரிய பழந்தின்னி வௌவால் ஒன்றுக்கும், இமயமலையில் 2016-இல் புதிதாக இனங்காணப்பட்ட ஒரு பூங்குருவிக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கின்றது. அவர் பிறந்த நவம்பர் 12-ஆம் நாளை இந்தியாவில் பறவைகள் நாளாகக் கொண்டாடுகின்றனர். ஒரு காலத்தில் விருது பெற்றவரின் பெயராலேயே இன்று பம்பாய்ச் சங்கம் மற்றவர்களுக்கு விருது வழங்கி வருகின்றது.

நம் சங்கங்கள் ஆண்டுதோறும் பரிசளிப்பு விழா நடத்துகின்றன. எஸ்.பி.எம். தேர்வில் அதிக 'ஏ' வாங்கிய பிள்ளைகளை மேடையேற்றிக் கோப்பை கொடுத்து மகிழ்கிறோம். அது வேண்டியதே. ஆனால் அந்த மேடையில் ஸாலிம் அலீ என்ற சிறுவனுக்கு இடம் கிடைத்திருக்குமா? தலைவலியால் பள்ளிக்குப் போகாத பிள்ளை. தட்டுத் தடுமாறித் தேறிய பிள்ளை. கல்லூரியை விட்ட பிள்ளை. கடையை நடத்தத் தெரியாமல் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை. அவனை நாம் உதவாக்கரை என்று சொல்லியிருப்போம். அமீருத்தீன் என்ற தாய்மாமன் அப்படிச் சொல்லவில்லை. ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அவ்வளவே அவர் செய்தது. அந்த ஒரு கடிதம் இல்லையேல் அந்தத் தங்கப் பதக்கமும் இல்லை.

ஆகவே சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பரிசளிப்பு விழாவில் மதிப்பெண்ணுக்கான பரிசுகளோடு இன்னொரு பரிசையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மரமோ, மீனோ, பறவையோ, பழைய நாணயமோ, எதையேனும் ஓராண்டுக் காலம் தானே கவனித்துக் குறிப்பெழுதி வைத்திருக்கும் பிள்ளைக்கு அப்பரிசு கிடைக்கட்டும். செலவு அதிகமாகாது. ஒரு நல்ல நோட்டுப் புத்தகமும் தொலைநோக்கியும் போதும். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை ஒருநாள் ஏதேனும் ஒன்றைக் கையில் ஏந்தி வந்து, இது என்னவென்று கேட்டால், தெரியாது என்று தள்ளிவிடாதீர்கள். தெரிந்தவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

விடுபட்ட கிளியின் பெயரால் விளங்கும் இவ்வூரிலிருந்தும் அத்தகைய ஒரு பிள்ளை எழட்டும். மர்ஹூம் ஸாலிம் அலீ அவர்களின் பிழைகளைப் பொறுத்து வல்ல நாயன் அன்னாருக்குக் கருணை புரிவானாக! நம் மக்களுக்குக் காணும் கண்ணையும், கண்டதைச் சிந்திக்கும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.